இரண்டு அம்மாக்களும் ஒரு 555 புத்தகமும்: செய்தி அறைக்கு சிஎம்எஸ் கட்டிய அனுபவம்

2017 கடைசியில் ஒரு நாள் காலை, எங்கள் நாளிதழின் விளம்பரப் பிரிவுக்கு ஒரு குடும்பமே வந்து நின்றது. அன்றைய பேப்பரில் அவர்களுடைய அம்மாவின் மரண அறிவிப்பு வந்திருந்தது. பெயர் சரி, வயது சரி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் சரி, ஈமச்சடங்கு நேரமும் சரி. படத்தில் இருந்தது வேறொருவரின் அம்மா. முதல் நாள் சாயங்காலம் இரண்டு குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கின்றன. எங்கள் முகப்பு மேசையில் வேலை பார்த்த தங்கை இரண்டையும் பொதுக் கோப்புறையில் 'அம்மா' என்றே சேமித்திருக்கிறார். இரண்டாவது வந்தது முதலாவதை அழித்துவிட்டது. மூத்த மகள் பேப்பரை மேசைமேல் விரித்து, அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, "இவங்க யாருங்க?" என்று மட்டும்தான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

அந்தக் கேள்விக்குச் சொல்ல எங்களிடம் பதிலே இல்லை. யார் அனுப்பிய படம், எத்தனை மணிக்கு வந்தது, யார் பக்கத்தில் வைத்தது, எதற்கும் பதிவு கிடையாது. நான் அப்போது அந்தக் கோலாலம்பூர் நாளிதழில் இணையப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். மறுநாள் மன்னிப்புடன் அறிவிப்பைத் திரும்பப் போட்டோம், பணம் வாங்கவில்லை. அதே வாரம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "தம்பி, வெளியில வாங்குற சிஸ்டம் எதுவும் நமக்கு ஒத்துவரல. நீயே ஒன்னு கட்டிடு" என்றார். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் அந்த சிஎம்எஸ்ஸோடு, அதாவது செய்தியை எழுதித் திருத்தி வெளியிடும் மென்பொருளோடு, வாழ்ந்திருக்கிறேன். தமிழில் செய்தி அறை நடத்துகிறவர்களுக்கு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளில் கிடைப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது வேலை எப்படி நடந்தது என்றால், நிருபர்கள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார்கள். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்திகளை மேசையில் இருப்பவர்கள் மலாயிலிருந்து மொழிபெயர்ப்பார்கள். எல்லாம் வேர்டில், பழைய 8-பிட் எழுத்துருவில் ஏறும். பக்கம் கட்டுபவர் அதை எடுத்துப் பக்கத்தில் ஊற்றுவார், பிழைதிருத்தும் அக்கா அச்சிட்ட தாளில் சிவப்புப் பேனாவால் திருத்துவார், திருத்தம் பக்கத்தில் மட்டும் ஏறும். இணையத்துக்கு நான் எடுப்பது பழைய வேர்டு கோப்பு. அதை எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடாக்கி ஏற்றுவேன். ஆக, அக்கா இரவு 11 மணிவரை உட்கார்ந்து திருத்திய ஒரு பிழையும் இணையத்தில் திருந்தியிருக்காது. இது எத்தனையோ வருடமாக நடந்துகொண்டிருந்தது.

நான் முதலில் கட்டியது தோல்வி. ஜாங்கோ என்ற நிரல் சட்டகமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் வைத்து இரண்டு மாதத்தில் எழுதினேன். நிருபர், மேசை, மெய்ப்பு (பிழைதிருத்தம்), ஆசிரியர், பக்கம் என்று ஐந்து படிகள். ஒருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அடுத்தவருக்குப் போகும். பகலில் அழகாக ஓடியது. இரவு பத்தரைக்கு மேல் யாருமே அதைத் தொடவில்லை. மறுபடி வாட்ஸ்அப், மறுபடி திரையைப் படம்பிடித்து அனுப்புவது. எனக்கு வருத்தம்தான். ஆனால் மூத்த துணையாசிரியர் ஒருவர் மாமாக் டீக்கடையில் தே தாரிக் வாங்கிக்கொடுத்துச் சொன்னார்: "நீ பகல்ல வந்து எங்கள கேட்டு கட்டிட்ட. பேப்பர் ராத்திரியிலதான் உருவாகுது லா. ராத்திரி வந்து உட்காரு."

இரண்டு வாரம் போய் உட்கார்ந்தேன். யாரையும் கேள்வி கேட்காமல், ஒவ்வொரு செய்தியும் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். நேர்கோட்டில் போன செய்தி ஒன்றுகூட இல்லை. தலைப்பை முடிவுசெய்பவர் ஆசிரியர் என்று நினைத்திருந்தேன், உண்மையில் கடைசித் தலைப்பு பக்கம் கட்டுபவரின் மேசையில்தான் பிறக்கிறது, ஏனென்றால் நம் சொற்கள் நீளம், நான்கு பத்தி அகலத்தில் 'குடியுரிமை விண்ணப்பங்கள்' என்று போட்டால் வேறு எதற்கும் இடமிருக்காது. ஆகவே அவர் தலைப்பை மாற்றுவார், மாற்றியதும் மெய்ப்பு அக்காவைத் திரும்பிப் பார்ப்பார், அக்கா தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் ஒப்புதல். என்னுடைய ஐந்து படிகளில் அதற்கு இடமே இல்லை.

இரண்டாவது வடிவத்தில் மூன்றே நிலைகள் வைத்தேன்: எழுதுறோம், பார்த்தாச்சு, போகலாம். யார் வேண்டுமானாலும் முன்னும் பின்னும் நகர்த்தலாம், ஆனால் யார், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். இணையமும் அச்சும் ஒரே பிரதியிலிருந்து எடுக்கும்படி, பக்கம் கட்டுபவரின் தலைப்பையும் இணையத் தலைப்பையும் தனித்தனிப் பெட்டிகளாக வைத்து, மற்றதெல்லாம் ஒன்றாக்கினேன். பூட்டும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒருவர் திறந்தால் மற்றவருக்குப் பூட்டிக்கொள்வதுபோலத்தான் முதலில் வைத்திருந்தேன். ஒரு நிருபர் செய்தியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார், முதல் பக்கச் செய்தி முக்கால் மணி நேரம் பூட்டிக் கிடந்தது. இப்போது பூட்டு இல்லை, 'அண்ணன் உள்ளே இருக்கிறார்' என்பதுபோல ஓர் அறிவிப்பு வரும், அவசரமென்றால் எடுத்துக்கொள்ளலாம், அவர் எழுதிக்கொண்டிருந்தது தனிப் பிரதியாகப் பத்திரமாக இருக்கும். நிறுத்துவதைவிடத் திரும்பப் பெறும் வழி வைப்பது செய்தி அறைக்குப் பொருந்துகிறது.

இனி 555. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகம், மளிகைக் கடைக் கடன் எழுதுவது. மெய்ப்பு அக்காவிடம் அப்படி இருபதுக்கு மேல் இருந்தன, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இழுவறையில். எல்லாவற்றிலும் பெயர்கள். ரூமியில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், ஒரு பெயர், எதிரே நம் பேப்பர் அதைத் தமிழில் எப்படி எழுதுகிறது என்பது. இப்ராகிமா, இப்ராஹிமா, இப்ராஹீமா? முகைதீனா, முஹிடினா? ஒரு புதிய அமைச்சரின் பெயர் வந்தால் அக்கா அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு வரிக் காரணமும் இருந்தது: "அவரே இப்படித்தான் எழுதச் சொன்னார்". தமிழ்ப்பள்ளிப் பெயர்கள், மூடிப்போன தோட்டங்களின் பெயர்கள், கோயில்கள். மலாய்ப் பெயர், சீனப் பெயர், சீக்கியப் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் தமிழாகும் ஊர் இது, அந்த வேலையின் நினைவு முழுக்க ஓர் இழுவறையில் இருந்தது. அக்காவுக்கு அப்போது ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பேப்பரில் பெயர்தான் எல்லாமே என்று எனக்கு அந்த இழுவறையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு அம்மாக்களின் படம் மாறியதும் இதே குறையால்தான், எங்களிடம் கோப்புகள் இருந்தன, எது எந்த ஆளுடையது என்ற பதிவு இல்லை. ஆகவே சிஎம்எஸ்ஸின் நடுவில் செய்தியை வைக்காமல் ஒரு பெயரேட்டை வைத்தேன். ஓர் ஆள் அல்லது ஓர் ஊர் அல்லது ஒரு பள்ளி என்றால் ஒரு பதிவு. அதில் ரூமிப் பெயர், நாம் எழுதும் தமிழ்ப் பெயர், தவறாக வரும் வேறு வடிவங்கள், காரணம், முடிவுசெய்தவர், தேதி. படங்களும் அந்தப் பதிவோடுதான் சேரும். அக்காவும் ஒரு பயிற்சி நிருபரும் நான்கு மாதம் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏற்றினார்கள். நிர்வாகத்திடம் இதற்கு நேரம் கேட்டு வாங்குவது நிரல் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஆனால் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெயரேடு வந்ததும் நான் செய்த தவறு, தானாகவே மாற்றிவிடும்படி வைத்தது. 'பெனாங்' என்று வந்தால் 'பினாங்கு' ஆக்கு என்று ஒரு விதி. மறுநாள் இணையத்தில் 'பினாங்குகில் வெள்ளம்' என்று நின்றது. நிருபர் எழுதியது 'பெனாங்கில்'. தமிழில் பெயர் ஒருபோதும் தனியாக வருவதில்லை, வேற்றுமை உருபைச் சுமந்துகொண்டே வருகிறது. கிள்ளான் கிள்ளானில் ஆகும், ஈப்போ ஈப்போவில் ஆகும், பினாங்கு தன் உகரத்தை விட்டுவிட்டுப் பினாங்கில் ஆகும். முழுச் சொல்லைத் தேடினால் பாதி அகப்படாது, முன்பாதியைத் தேடினால் சம்பந்தமில்லாதது அகப்படும். கடைசியில் ஒவ்வொரு பெயருக்கும் உருபு ஏற்ற வடிவங்களை இயந்திரமே உண்டாக்கி, அக்கா ஒருமுறை பார்த்து ஒப்புக்கொள்ளும்படி செய்தோம். மாற்றுவதை நிறுத்திவிட்டோம். சந்தேகமான பெயருக்குக் கீழே கோடு மட்டும் விழும், தொட்டால் நம் வடிவமும் அக்காவின் காரணமும் தெரியும், மாற்றுவது எழுதுகிறவர் கையில்.

பட்டங்கள் இன்னொரு பாடம். நம் நாட்டில் ஒருவர் இன்று திருவாளர், நாளை சுல்தான் பிறந்தநாளில் டத்தோ, சில வருடத்தில் டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ. பட்டம் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. பெயரேட்டில் பட்டத்தைத் திருத்தினால் செய்திகளிலும் திருந்தட்டும் என்று இணைத்து வைத்திருந்தேன். ஒரு வாசகர் போன் செய்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தியில் ஒருவருக்கு அப்போது இல்லாத பட்டம் எப்படி வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய செய்தி அந்த நாளின் சாட்சி, அதை இன்றைய தகவலுக்கு ஏற்ப நகர்த்தக் கூடாது. இப்போது பட்டத்துக்கு எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு கட்டம் இருக்கிறது, செய்தி வெளியானதும் பெயர் அதில் உறைந்துவிடும். 2022 நவம்பர் 19-இல் 15-வது பொதுத்தேர்தல் முடிந்து யாருக்கும் பெரும்பான்மைக்கான 112 இடம் கிடைக்காமல், 24-ஆம் தேதி அன்வார் பிரதமராகப் பதவியேற்கும்வரை இருந்த அந்த ஐந்து நாளில் யாரை எப்படிக் குறிப்பிடுவது என்ற குழப்பத்தில் அந்தத் தேதிக் கட்டம் எங்களைக் காப்பாற்றியது.

யூனிகோட் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் பாதிப் பேர் அஞ்சல் விசைப்பலகை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் இந்த நாட்டிலேயே 1980களில் பிறந்தது, எங்கள் ஆட்கள் பலர் கணினியில் தமிழ் தொட்டதே அதில்தான். இளையவர்கள் தமிழ்99, மூத்தவர்கள் பழைய தட்டச்சுப் பொறி முறை. மூவரும் ஒரே சொல்லை அடித்தால் திரையில் ஒன்றாகத் தெரியும், உள்ளே ஒன்றாக இருக்காது. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். இதைச் சேமிக்கும்போதே என்எஃப்சி என்ற முறையில் ஒழுங்குபடுத்தினால் தீர்ந்தது, ஒரே வரி நிரல். 'கௌரவம்' அப்படித் தீராது. ஔகாரத்தின் பின்பாதி பார்க்க ள போலவே இருப்பதால் நிறையப் பேர் எகரக் குறி, அப்புறம் ள என்றே அடிக்கிறார்கள். கணினிக்கு அது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்து. எந்த ஒழுங்குமுறையும் அதைத் தொடாது. 'கௌரவம்' என்று தேடினால் பழைய செய்திகளில் ஒரு பகுதி வராது.

எகரக் குறியும் ள-வும் சேர்ந்து வந்தால் ஔ ஆக்கு என்று அவசரப்பட்டு விதி எழுதிவிடாதீர்கள். 'வெள்ளி' என்ன ஆகும், 'தெளிவு' என்ன ஆகும்? நாங்கள் வைத்த விதி இது: ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாமல் அது வெறும் ள-வாக நின்றால் மட்டும் சந்தேகப்படு, அதையும் அக்கா கொடுத்த சொற்பட்டியலில் இருந்தால் மட்டும் திருத்து. மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என்று ஒரு பக்கப் பட்டியல், அவ்வளவுதான். அப்புறம் 'ஸ்ரீ'. அதை ஸ வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். டத்தோ ஸ்ரீக்கள் நிறைந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை. எதைச் சேமிப்பது என்று ஒன்றை முடிவுசெய்துகொண்டு, தேடலில் இரண்டையும் ஒன்றாக எண்ணச் சொல்லுங்கள்.

பழைய இணையத்தளத்திலிருந்து செய்திகளை மாற்றும்போது பல செய்திகள் முதல் வரியோடு நின்றிருந்தன. காரணம் தேடி ஒரு வாரம் போனது. நிருபர்கள் வாட்ஸ்அப்பில் "வணக்கம் அண்ணே" என்று எழுதிக் கும்பிடும் கை எமோஜி போட்டு, கீழே செய்தியை அனுப்பியிருக்கிறார்கள், அதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப்8' என்று பெயரிட்டிருந்த வகை ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் தாங்காது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் சரியாக 3 பைட், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எமோஜிக்கு 4 பைட், அந்த இடத்தோடு செய்தி வெட்டுப்பட்டுவிட்டது. இன்னும் அந்தத் தரவுத்தளத்தோடு இருப்பவர்கள் இன்றே 'யூடிஎஃப்8எம்பி4'-க்கு மாறிவிடுங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று: இணைய முகவரிக்கான பெயர்ப் பகுதிக்கு அதில் 200 இடம்தான், தமிழ்க் குறி ஒன்று அங்கே 9 இடம் பிடிக்கும், ஆக 22 குறியிலேயே தலைப்பு அறுந்துவிடும். நாங்கள் ஓர் எண்ணும் இரண்டு மூன்று ரூமிச் சொல்லும் போதும் என்று விட்டோம்.

2018 மே 9, பொதுத்தேர்தல் இரவை மறக்க முடியாது. இரண்டாவது வடிவம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 222 தொகுதி, முடிவுகள் வரவே இல்லை, அச்சுக்கூடத்திலிருந்து போன்மேல் போன். நாட்டில் முதல்முறையாக ஆட்சி மாறுகிறது என்பது அறையில் எல்லோருக்கும் புரிய ஆரம்பித்த நேரம், ஒருவர்கூட உட்காரவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இடங்களின் எண்ணிக்கை தலைப்பில் ஒன்று, முதல் பத்தியில் ஒன்று, பெட்டிச் செய்தியில் ஒன்று. மூன்று பேர் மூன்று நேரத்தில் புதுப்பித்தது. பக்கம் கட்டும் அண்ணன் கடைசி நிமிடத்தில் பார்த்துக் கத்தினார். மறுநாள் இரவு மகாதீர் பிரதமராகப் பதவியேற்ற செய்தியை ஏற்றிவிட்டு நான் முதலில் செய்த வேலை, மாறிக்கொண்டிருக்கும் எண்ணை ஒரே இடத்தில் வைத்து மற்ற இடங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தது, அச்சுக்குப் போகும் நிமிடத்தில் அதை உறையவைப்பது. இணையப் பிரதி அதன்பிறகும் ஓடட்டும், அச்சுப் பிரதி நின்றுவிட வேண்டும்.

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எங்கள் சிஎம்எஸ் அலுவலகத்துக்குள் மட்டும்தான் திறக்கும். இரண்டு நாளில் வெளியே திறந்துவிட்டோம். ஆனால் கிள்ளானில் வீட்டில் இருந்த அக்காவுக்குத் திரையில் மெய்ப்பு பார்க்க வரவில்லை, கண் வலித்தது. அவருக்காக ஒரு தனிப் பார்வை செய்தேன்: பெரிய எழுத்து, அகலமான வரியிடைவெளி, ஒவ்வொரு பத்திக்கும் எண், படமோ பொத்தானோ எதுவும் கிடையாது. வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, "4-வது பத்தி, 2-வது வரி, ற போடு" என்று போனில் சொல்வார். நான் கட்டியதிலேயே அதிகம் பயன்பட்ட பக்கம் அதுதான், இன்றும் எல்லோரும் அதில்தான் மெய்ப்பு பார்க்கிறார்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001 சிறார் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, வழக்கில் சம்பந்தப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. செய்தியில் 'சிறார்' என்று ஒரு குறி போட்டால் அந்தப் படத்தை வேறு எந்தப் பக்கத்துக்கும் யாரும் எடுக்க முடியாதபடி வைத்தோம், ஏனென்றால் செய்தியில் கவனமாக இருந்துவிட்டு, அடுத்த வாரம் ஞாயிறு பதிப்பில் அதே படத்தைப் போடும் ஆபத்துதான் அதிகம். எங்கள் சிஎம்எஸ்ஸில் 'முடியவே முடியாது' என்று மறிக்கும் ஒரே இடம் அதுதான். வாசகர் கருத்துகளை, 2021 பிப்ரவரி 19-இல் கூட்டரசு நீதிமன்றம் வாசகர்களின் கருத்துக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்த அன்றே நிறுத்தி வைத்தோம். பார்த்து அனுமதிக்க ஆள் இல்லாத அறை அதைத் திறக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அக்கா ஓய்வுபெற்றுவிட்டார். கடைசி நாளன்று 555 புத்தகங்களைக் கட்டோடு என்னிடம் கொடுத்தார், இப்போது என் இழுவறையில் இருக்கின்றன. பெயரேட்டில் இன்றும் பாதிப் பதிவுகளுக்கு எதிரே முடிவுசெய்தவர் என்று அவர் பெயர்தான் வருகிறது. சந்தேகம் வந்தால் இளையவர்கள் அவருக்குப் போன் போடுகிறார்கள், அவரும் எடுக்கிறார்.

முகப்பில் இருந்த அந்தத் தங்கை இப்போது விளம்பரப் பிரிவின் தலைவி. மரண அறிவிப்பு கொடுக்க யார் வந்தாலும், படத்தை ஆளின் பதிவோடு சேர்த்தபின், சேமிக்கும் முன்னால், திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைப்பார். அந்தப் பழக்கத்தை அவரேதான் கொண்டுவந்தார், நான் நிரலில் ஒரு பொத்தான் மட்டும் சேர்த்தேன். போன வருடம் அந்த மூத்த மகள் நினைவஞ்சலி கொடுக்க வந்திருந்தார். தங்கை பெயரைத் தட்டினார், படம் வந்தது, திரையைத் திருப்பினார். "இவங்கதானே அம்மா?" அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆமா, இவங்கதான்" என்றார்.